திருப்பிப் போட்ட பனியன்

பனியனைத் திருப்பிப் போட்டால் மழை வரும் என்று நம்பியவன் நான். நான் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை. எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரையும் நம்பவைத்தேன். அதில் அக்காவின் கல்யாணமே நிற்கப் பார்த்தது. எனக்கும் மூளை என்று ஒன்று இருந்திருக்கும்; அந்த வருசத்து வறட்சியில் அதுவும் காய்ந்துபோயிருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் வருவது பிறை பார்ப்பது மாதிரி ஆகியிருந்தது. இன்றைக்கு வரும் என்பார்கள், வராது. பக்கத்துத் தெருவில் வந்துவிட்டதாம் என்று தகவல் மட்டும் வரும். ஆத்தூர் நீர்த்தேக்கத்துக்குள் ஆடு மேய்வதாக டவுனில் பேசிக்கொண்டார்கள். நேரில் போய்ப் பார்த்துவந்த மாமா, ஆடெல்லாம் மேயவில்லை, மேய்வதற்கு அங்கே புல்லே இல்லை என்று திருத்தம் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீடு பழனி. மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். லீவு முடிவதற்குள் நிக்காஹ் முடிந்தாக வேண்டும். பிரியாணி ஆக்க வந்த பண்டாரி அத்தாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"பாய், கறி முன்னப்பின்ன இருந்தாக்கூட நான் சமாளிச்சுருவேன். தண்ணி ரெண்டு லாரி வேணும். அரிசி கழுவணும், சட்டி கழுவணும், வாரவுங்க கை கழுவணும்."

காசு கொடுத்து வாங்கலாம் என்றால் லாரிக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. அதற்குள் பழனியிலிருந்து சம்பந்தி பேசினார். "ஊரே தண்ணிக்கு அலையுதுன்னு சொல்றாங்க. சிரமமா இருந்தா அடுத்த லீவுக்கு வெச்சுக்கலாங்களா?" அன்பாகத்தான் கேட்டார். அத்தாவுக்கு அன்றோடு சோறு இறங்கவில்லை. தள்ளிவைத்த கல்யாணம் அப்படியே தள்ளிப்போய்விடும் என்று அவருக்குப் பயம்.

காப்பாற்றியது மாமாதான். அம்மாவின் தம்பி. அப்போது வார்டு தேர்தல் நடந்துகொண்டிருந்தது. மாமா ஒரு வேட்பாளருக்குத் தெருப் பொறுப்பாளர். கல்யாணத்துக்கு முதல் நாளே ரெண்டு லாரித் தண்ணீர் வீட்டு வாசலில் நிற்கும் என்று வேட்பாளர் வாக்குக் கொடுத்தார். கூடவே பையன்களுக்கெல்லாம் ஒரு வெள்ளைப் பனியனும் கொடுத்தார். நெஞ்சில் அவரே கும்பிட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு குழாய் தண்ணீரைக் கொட்டும். எங்கள் தெருவில் தண்ணீர் கொட்டிய ஒரே குழாய் அதுதான். எனக்குக் கிடைத்த பனியன் முழங்கால் வரை தொங்கியது. கழற்றாமல் அதோடே தூங்கினேன்.

அந்த வாரம் ஈத்கா மைதானத்தில் மழைத் தொழுகை வைத்தார்கள். மொட்டை வெயிலில் ஊரே நின்று கேட்டது. தொழவைத்த ஹஜ்ரத் துஆ ஓதும்போது, தோளில் கிடந்த சால்வையை எடுத்து உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அது எதற்கு என்று மாமாவிடம் கேட்டேன்.

"நம்ம நெலமையை இப்பிடித் திருப்பிப் போடு ஆண்டவனேன்னு கேக்குறதுடா."

நான் அண்ணாந்து பார்த்தேன். மேகம் ஒன்றையும் காணோம். அத்தனை கூட்டத்தில் ஒரே ஒரு சால்வை திரும்பினால் எப்படிப் போதும் என்று தோன்றியது. சாயந்திரமே பையன்களைக் கூட்டினேன். நம்மிடம் சால்வை இல்லை, பனியன் இருக்கிறது, திருப்பிப் போடுவோம், மழை பெய்கிறவரை எவனும் நேராகப் போடக்கூடாது என்றேன். நேராகப் போட்டவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை என்று சட்டமும் போட்டேன். தலைவனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது வேட்பாளர் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். வெடி வெடித்தார்கள். திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி வந்தவரின் கை எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டது. தெரு முழுக்க வெறும் வெள்ளை நெஞ்சுகள். உற்றுப் பார்த்தால், துணிக்கு உள்ளேயிருந்து அவர் மீசை மட்டும் மங்கலாகத் தெரியும்.

அவர் குனிந்து மாமாவிடம் கேட்டது எனக்கும் கேட்டது. "என்ன தம்பி, ஒங்க தெருவுல என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டாய்ங்க?"

போட வந்த மாலையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஜீப் போய்விட்டது. சாயந்திரம் மாமா வந்து வாசலிலேயே நின்றார்.

"மச்சான், லாரி வராதாம்."

அத்தா பந்தலுக்காக வந்து கிடந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"யாருடா இப்பிடிப் போடச் சொன்னது?"

"நீங்கதான் மாமா. நெலமையத் திருப்புறதுன்னு சொன்னீங்க."

"நான் எங்கடா பனியனைச் சொன்னேன்?"

"எங்ககிட்ட சால்வை இல்லையே."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது, மருதாணிக் கையோடு. "ஏலே, என் கல்யாணம் மட்டும் நிக்கட்டும். ஒன்னையத் திருப்பிப் போட்டு வெளுக்குறேன்."

அப்போதும் நான் பனியனைத் திருப்பவில்லை. மழை பெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே என் கணக்கு.

ஆனால் எங்கள் வெள்ளை நெஞ்சுகளை எவனோ போனில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தான். அது எதிர் வேட்பாளரின் கைக்கும் போயிருக்கிறது. இந்தத் தெரு நம் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மறுநாள் காலையில் அவருடைய ஆட்கள் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"பாய், கல்யாண வீட்டுத் தண்ணிக்கு நீங்க கவலைப்படாதீங்க. அது எங்க பொறுப்பு."

அத்தா மாமாவைப் பார்த்தார். மாமா பந்தல் காலைப் பார்த்தார்.

"தண்ணியில கட்சி மெதக்குதா மாப்ள? வரட்டும்," என்றார் அத்தா.

மதியம் அவர்களுடைய லாரி வந்து நின்றது. அது மாமாவின் வேட்பாளர் காதுக்குப் போக செத்த நேரம்கூட ஆகவில்லை. வராது என்று சொன்ன ரெண்டு லாரியும் பின்னாலேயே வந்துவிட்டன. எது முதலில் உள்ளே போவது என்று தெருமுனையில் ஒரே சண்டை. எங்கள் வீட்டு அண்டா, பண்டாரியின் டிரம், தெருவிலிருந்த குடம், வாளி, குழந்தை குளிக்கிற டப் என்று எல்லாம் நிறைந்தது. பையன்கள் லாரிக்கு அடியில் நின்று நனைந்தோம். அத்தா நாற்காலியை லாரிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்து, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பழனிக்குப் போன் போட்டார்.

"பொறப்பட்டு வாங்க சம்பந்தி. குளிக்காம வந்தாக்கூடப் பரவால்ல. இங்க குளிச்சுக்கலாம்."

அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். மறுநாள் கல்யாணம் நன்றாக நடந்தது. பிரியாணியும் நன்றாக இருந்தது. வந்தவர்கள் வீம்புக்கு ரெண்டு தடவை கை கழுவினார்கள். மாமாவும் கடைசியில் என் தலையில் ஒரு குட்டோடு விட்டுவிட்டார். தேர்தலில் யார் ஜெயித்தார் என்பது எனக்கு நினைவில்லை. குழாயில் பழையபடி பிறைதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரிகள் வந்த அன்றைக்கே எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீர் வந்துவிட்டது, சரி. மழையைக் காணோமே. யோசித்து, விடையையும் நானே கண்டுபிடித்தேன். என் பனியன் வேலை செய்திருக்கிறது; மழை கொஞ்சம் தள்ளி, இந்தத் தண்ணீர் வந்த ஊரில் பெய்திருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று, லாரிகள் கிளம்புவதற்குள், அதில் ஒன்றை ஓட்டி வந்த அண்ணனிடம் போனேன். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். முந்தின வருசம் வரை தக்காளியும் வெண்டையும் போட்ட தோட்டக்காரர் என்றும், லாரியில் இருப்பது அவர் கிணற்றில் மிஞ்சிய தண்ணீர் என்றும் அத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். லாரியின் நிழலில் குத்தவைத்து, ஒழுகுகிற குழாய் வாயை ஒரு துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நனைந்து ஆடியதை அவர் ஒருமுறைகூட ரசித்துப் பார்க்கவில்லை என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. "அண்ணே, ஒங்க ஊர்ல நல்ல மழையா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன். வெகுகாலம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"மழை பேஞ்சிருந்தா நான் ஏன் தம்பி லாரி ஓட்டுறேன்."