மங்குஸ்தான் லாரியில் ஹாஜரா பீவி

ஹாஜரா பீவி காயில் சுற்றிக் கொடுத்த மோட்டார் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது அவள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கணவன் அகமது கபீர் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அடுக்களை வாசலில் வைத்தான்.

"திரும்பவும் நின்னு போச்சா மச்சான்?"

"லாரி விசிறி கடையநல்லூரத் தாண்டலையாம். நம்பிராஜன் அண்ணாச்சி கடைக்கே வந்து சத்தம் போட்டுட்டுப் போறாவ. பொம்பள சுத்துன காயிலு பாரம் தாங்காதாம்."

ஹாஜரா கையைக் கழுவினாள். விசிறி இறக்கையோடிருந்த மோட்டாரை மடியில் வைத்துச் சாக்கைப் பிரித்தாள். கருகின வாடை இல்லை. விரலால் தள்ளினால் தடையில்லாமல் சுழன்றது. கபீர் கொண்டுவந்திருந்த பேட்டரியில் இணைத்ததும் குழம்புச் சட்டியின் ஆவியை எதிர்ச் சுவர் வரைக்கும் விரட்டியது.

"இதுக்கு என்ன கேடு? நல்லாத்தானே ஓடுது" என்றாள் கோபமாக.

அவள் கடையநல்லூர்த் தறிக்காரர் வீட்டுப் பெண். ஏழு வயதிலிருந்து ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றியவள்; நூல் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று பாராமலே சொல்லுவாள். மாமி மகன் கபீரைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தாள். ரயிலடிப் பக்கம் அவனுக்கு ஒரு கடை இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் போடுவான், லாரி விளக்கு, ஹாரன், டைனமோ எல்லாம் பார்ப்பான். காயில் எரிந்துபோனால் மட்டும் மதுரைக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வரப் பத்து நாளாகும். அதுவரைக்கும் லாரிக்காரர்கள் கடை வாசலில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார்கள். ஒருநாள் ஹாஜரா எரிந்துபோன ஒன்றை வாங்கி, கம்பியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணி, மோட்டாரின் எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்று காலண்டர் தாளின் பின்னால் படம் போட்டாள். அவள் சுற்றிய முதல் இரண்டும் புகைந்தன. மூன்றாவது ஓடியது. கபீர் கடையைப் பூட்டிவிட்டு ஓடிப்போய் அல்வா வாங்கிவந்தான். அதற்குப் பிறகு மதுரைக்கு எதுவும் போகவில்லை. இது நடந்து நான்கு வருஷமாகியிருந்தது. இப்போது 1963ஆம் வருஷத்து ஆடி மாதம்.

இலஞ்சி நம்பிராஜன் அந்த வருஷம் குற்றாலத்து மலைத்தோட்டங்களில் மங்குஸ்தான் குத்தகை எடுத்திருந்தார். மதராஸ் போய்ச் சேருவதற்குள் பாதிப் பழம் வெந்துவிடும் என்பதால் லாரியின் மேல் பலகையால் ஒரு பெட்டி கட்டி, உள்ளே தகரம் அடித்து, முன்பக்கத் தட்டில் ஐஸ் பாளங்களை அடுக்க ஏற்பாடு செய்தார். பேட்டரியில் ஓடும் ஒரு விசிறி, ஐஸின் மேல் பட்ட காற்றைப் பழக் கூடைகளுக்குத் தள்ளும். டிரைவர் சொரிமுத்து, "மெட்ராஸ் சினிமாக் கொட்டகை கணக்கா நம்ம லாரியும் ஏர்கண்டிஷன்லே" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான். அந்த விசிறிதான் மூன்று நடையாகக் கடையநல்லூர்ப் பக்கம் வந்ததும் நின்றுபோனது. கபீர் பியூஸை மாற்றினான், ஸ்விட்சை மாற்றினான், பேட்டரியையும் மாற்றினான். கடைக்கு வந்தால் நாள் முழுக்க ஓடும்.

"மச்சான், கடையில அது வெறும் வண்டியாத்தானே நிக்குது?" என்றாள் ஹாஜரா. "ஐஸும் பழமும் ஏத்துன பொறவுதான் மக்கர் பண்ணுது. ஏத்துன வண்டியிலதான் பாக்கணும். நானும் வாரேன்."

"லாரியிலயா? நீயா?"

"நான் சுத்துனதத்தானே குத்தம் சொல்லுதாவ?"

மறுநாள் காலை இருவரும் குற்றாலம் போனார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. விடியற்காலையிலேயே ஐஸ் ஏற்றியாகிவிட்டது. பழக் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன. நம்பிராஜன் ஹாஜராவைப் பார்த்ததும் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

"கபீரு, இது என்னப்பா?"

"சுத்துனவ வந்திருக்கா அண்ணாச்சி. கூட வந்து பாக்கணுமாம்."

அவர் லாரியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பெட்டிக்குள்ள குளிருமே தாயி" என்றார்.

"போர்த்திக்கிடுதேன்" என்றாள் அவள்.

கபீர் மோட்டாரைப் பெட்டியில் மாட்டினான். முன்னால் சொரிமுத்து, நம்பிராஜன், கபீர் மூவரும் ஏறினார்கள். ஹாஜரா பின்கதவை ஒரு சாண் திறந்து கட்டிவிட்டு விசிறிப் பக்கத்தில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்து ஒரு கயிறு பெட்டியின் ஓட்டை வழியாகப் போய் கபீர் மணிக்கட்டில் முடிந்திருந்தது. விசிறி நின்றால் அவள் இழுக்க வேண்டும். இலஞ்சி வளைவில் வண்டி குலுங்கியபோது பயந்து இழுத்துவிட்டாள். வண்டியை நிறுத்தி மூன்று பேரும் பின்னால் ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று சிரித்தாள். தென்காசி தாண்டியதும் பல் கிட்டியது. பழ வாசனை தாங்காமல் ஒன்றை உடைத்துத் தின்றாள்; வெள்ளைச் சுளை நாக்கில் கரைந்தது. ஆறாவது பழத்தை உடைக்கும்போது விசிறியின் சத்தம் இறங்கியது. பிறகு நின்றேவிட்டது. இந்தத் தடவை தயங்காமல் கயிற்றை இழுத்தாள்.

வண்டி நின்ற இடம் கடையநல்லூர், அவள் பிறந்த தெருவின் முனை.

ஹாஜராவிடம் டெஸ்ட் பல்பு இருந்தது: ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர். ஒரு ஒயரை மோட்டாருக்குக் கரண்ட் வரும் முனையில் வைத்தாள், மற்றதை எர்த் ஒயரில், அதாவது கரண்ட் லாரி இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய ஒயரில் வைத்தாள். பல்பு எரியவில்லை.

"கரண்டே வரல. பியூஸு போயிருக்கும்" என்று கபீர் திரும்பினான்.

"நில்லுங்க மச்சான். அந்த நீட்ட ஒயரக் குடுங்க."

நீள ஒயரைப் பல்பின் மறுமுனையோடு முறுக்கி, "இத லாரி இரும்புல வைங்க" என்றாள். கபீர் துருவைச் சுரண்டிவிட்டு வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"கரண்டு வருது மச்சான்! வந்தது திரும்பிப் போக வழியில்லாம நிக்குது!"

கபீர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பெட்டி கட்டிய தச்சன் எர்த் ஒயரைப் பெட்டித் தகரத்தில் முடிந்திருந்தான். அந்தத் தகரமோ ஒரே ஒரு மூலையில் மடிந்து லாரியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஐஸ் தண்ணீரைக் குடித்த பலகை உப்பி, அந்த மூலையை ஒரு நெல் கனத்துக்கு விலக்கியிருந்தது. கடையில் பலகை காய்ந்ததும் மூலை மறுபடியும் தொட்டுவிடும்.

மோட்டாரிலிருந்து நேராக இரும்புச் சட்டத்துக்குக் கனமான ஒயர் ஒன்றை முறுக்கிப் போட்டார்கள். விசிறி உறுமிக்கொண்டு சுழன்றது.

"காயிலு பாரம் தாங்குது அண்ணாச்சி" என்றாள் ஹாஜரா. "பலகைதான் தாங்கல."

நம்பிராஜன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நான் சொன்னது தப்புத்தான் தாயி" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

இதற்குள் தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவே கூடிவிட்டது. ஹாஜராவின் உம்மா சைதூன் பீவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் நூல் தொங்கியது.

"ஏட்டி ஹாஜரா! லாரிக்குள்ள இது என்ன கோலம்?"

"இங்கன வாங்கும்மா, மூஞ்சியக் காட்டுங்க."

சைதூன் பீவி கதவருகே முகத்தை நீட்டினாள். குளிர்ந்த காற்று அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யா அல்லா! குத்தாலமே தெருவுக்கு வந்துட்டுதே!"

அவ்வளவுதான். பெண்கள் ஒவ்வொருவராக முகத்தை நீட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி இரண்டாம் தரம் வரிசையில் வந்து பிடிபட்டாள். சொரிமுத்து, "ஐஸு உருகுது, கதவச் சாத்த விடுங்கம்மா!" என்று கெஞ்சியும் நடக்கவில்லை. கடைசியில் நம்பிராஜன் ஒரு கூடை மங்குஸ்தானை இறக்கி வைத்தார். கூட்டம் கூடையின் பக்கம் போனது, லாரி தப்பித்தது. அன்று மத்தியானம் கபீரும் ஹாஜராவும் உம்மா வீட்டில் நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

ஐந்து நாள் கழித்துச் சொரிமுத்து வந்தான். மதராஸ் வரைக்கும் விசிறி நிற்கவில்லை. மண்டியில் கதவைத் திறந்தபோது கூலிக்காரர்கள் பழத்தை இறக்காமல் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்களாம்.

அவன் வாய் சும்மா இருக்கவில்லை. வழியில் கண்ட டிரைவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரமே செங்கோட்டை மர லாரி டிரைவர் செல்லப்பா, கடையைத் தாண்டி வீட்டுக்கே வந்து நின்றான்.

"எக்கா, வண்டிய இடப்பக்கம் திருப்புனா ஹாரன் தானா அடிக்குது. கோயில் வாசல்ல மானம் போவுது."

ஹாஜரா அடுப்பைத் தணித்தாள்.

"வலப்பக்கம் திருப்புனா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.