வெயிலில் வைத்த கிட்டார்

‘நாளைக்காரி’ என்ற பேரை நான் முதலில் கேட்டது என் தங்கை வாயால்தான். தங்கை என்றால் என் சின்னம்மா மகள். கூடப் பிறந்தவளைவிட ஒட்டு அதிகம். அவள் மகனுக்குக் கல்யாணம் ஆன மூன்றாம் மாதம், “எங்க வீட்டு நாளைக்காரியைப் பத்தி என்னத்தைச் சொல்ல, அக்கா” என்று ஆரம்பித்தாள். மருமகளைத்தான் சொல்கிறாள் என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்தப் பெண் ஒரு கடையில் கிட்டார் பழுது பார்ப்பவள். கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறதாம். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து முன்பக்கமாக வளையும். தந்தி மேலே எழும்பி, அழுத்துகிற விரல் நோகும். வெயில் காலத்தில் மரம் வற்றிப் பின்னால் போகும். தந்தி கழுத்திலுள்ள பட்டிகளில் உரசிக் கிர்ரென்று இரையும். தண்டைச் சாவி போட்டு முறுக்கியோ தளர்த்தியோதான் சரிசெய்ய வேண்டும். இவளோ ஒரு நாளைக்குக் கால் திருப்புக்கு மேல் திருப்ப மாட்டாள். “மரத்துக்குச் சேதி போய்ச் சேரணும். மிச்சம் நாளைக்கு” என்று கிட்டாரை எடுத்து மாட்டிவிடுவாள். அவசரக்காரர்கள் வைத்த பேர் வீடுவரை வந்துவிட்டது.

ஓர் அடைமழையில் நான் அங்கே பத்து நாள் தங்கப் போனேன். தங்கை மகனுக்கு வானொலி வாத்தியக் குழுவில் சேர அந்த வாரம் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவன். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். அவன் வாசிக்கும் கிட்டார் பதினோரு வருஷம் கை பழகினது, வேறொன்றை எடுத்தால் விரல் தடுமாறும். மழையில் அதன் தந்திகள் எழும்பிவிட்டன. மருமகள் மூன்று நாளாக, நாளுக்குக் கால் திருப்பாக முறுக்கி ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மழை விட்டு வெயில் அடித்தது. மருமகள் கடைக்குப் போயிருந்தாள், மகனும் வெளியே. தங்கை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில், துணி காய்கிற இடத்தில் சாய்த்து வைத்தாள்.

“கேட்டுட்டு வையேன்டி” என்றேன்.

“ஈரம்தானே அக்கா வம்பு பண்ணுது. அவளைக் கேட்டா நாளைக்கும்பா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு துணி மடித்தேன். 

மத்தியானம் அவன் வாசிக்க உட்கார்ந்தான். தொட்ட தந்தியெல்லாம் இரைந்தது. போன் போட்டு வரவழைத்ததில் மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். தந்தியை இரண்டு முனையிலும் அழுத்திக்கொண்டு, நடுவே தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

“காலைல நுழைஞ்சுதே” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. “நான்தான் கூட முறுக்கிட்டேனா?”

தண்டைத் தளர்த்தச் சாவியை எடுத்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தேன். அவள் கைத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். அது காய்ந்த துண்டு.

“வெயில்ல வச்சேன்” என்றாள். “ரெண்டு மணி நேரம்.”

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். “சரி, இப்பவாவது தளர்த்தி விடு.”

“இப்ப தளர்த்தினா இப்ப நல்லா இருக்கும். சாயங்காலம் ஈரம் ஏறினதும் தந்தி திரும்ப எழும்பிடும். தண்டு சரியாத்தான் இருக்கு. மரம் தானா திரும்பி வரணும்.”

“வரலைன்னா?”

அவள் சாவியைக் கொண்டுபோய் மாமியார் கையில் வைத்தாள். “இதை நீங்க வச்சுக்குங்க, அத்தை. நானே கேட்டாலும் குடுக்காதீங்க.”

“என்கிட்டயா குடுக்கற?”

“எனக்கு இல்லேன்னு சொல்லிப் பழகினவங்க நீங்கதானே.”

யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. அரை மணிக்கு ஒரு தரம் கார்டை நுழைத்துப் பார்த்தாள். கார்டின் முனை மழுங்கியதுதான் மிச்சம். விளக்குப் போடுகிற நேரத்தில் வந்து, “அத்தை, சாவி” என்றாள். தங்கை தரவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி வந்து நின்றாள், கண்ணில் தண்ணீரோடு.

“நாளைக்கு” என்றாள் தங்கை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விடிந்ததும் பார்த்தார்கள். கார்டு பாதி நுழைந்தது. தங்கை சாவியைக் கொடுத்தாள். மருமகள் ஒரு நகக்கண் அளவு தளர்த்தினாள். கார்டு போய் வந்தது. அவன் கிளம்பிப் போன பிறகு வீட்டில் யாரும் உட்காரவில்லை. மத்தியானம் வந்தவன் வாசலிலேயே, “இரையல” என்றான். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது, அவனை எடுத்துக்கொண்டார்கள்.

அவன் இன்னும் அந்தக் குழுவில்தான் வாசிக்கிறான். நாளைக்காரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள அதே கடையில், ஜன்னலோர மேசையில் இருக்கிறாள். உங்கள் கிட்டார் இரைந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள், செவ்வாய்க்கிழமை மட்டும் வர மாட்டாள்.