சரி என்று எழுதச் சொன்னேன்

ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தவன் நான். அந்தப் பழியை ஒரு நர்ஸ் சுமக்கும்படி செய்தவனும் நான்தான். முதலாவது கைப்பிழை. இரண்டாவதை யோசித்துத்தான் செய்தேன்.

அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆண்டுக்கு ஒரு மாதம் ஆப்பிரிக்காவில் மலாவியிலிருந்த ஒரு மிஷன் மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்து வந்தேன். சேலையூரில் எங்கள் சபையார் வீட்டுக்கே வந்து ஜெபித்து அனுப்புவார்கள். திரும்பியதும் மிஷன் ஞாயிறன்று ஆலயத்தில் சாட்சி சொல்வேன். முன்வரிசையில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மயக்க மருந்து கொடுக்க என் கல்லூரித் தோழனும் உடன் வருவான். கீழ்க்கட்டளைக்காரன்.

அன்று கர்ப்பப்பை கிழிந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தை ஒற்றியெடுக்க வயிற்றுக்குள் பெரிய துணிகளை வைப்போம். ஆபரேஷன் தியேட்டரில் அதற்கு மாப் என்று பெயர். வயிற்றை மூடும் முன் நர்ஸ் அவற்றை எண்ணிச் சொல்ல வேண்டும். அவள் இரண்டு தடவை எண்ணினாள்.

"டாக்டர், ஒன்று குறைகிறது."

"கீழே பார்."

"பார்த்துவிட்டேன். வாளியிலும் இல்லை."

ஜெனரேட்டரில் டீசல் தீரப்போகிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். வெளியே இன்னும் இருவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார்கள். உள்ளே கைவிட்டு ஒருமுறை துழாவினேன். எதுவும் தட்டுப்படவில்லை.

"முதலில் எண்ணும்போதே நீ தப்பாக எண்ணியிருக்கிறாய். சரி என்று எழுது" என்றேன்.

முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் சற்று நேரம் என்னையே பார்த்தன. பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சில மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவர் அந்தப் பெண்ணின் வயிற்றைத் திறந்து துணியை எடுத்தார். குடலில் ஒரு பகுதியை வெட்ட வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள். அன்று நடந்தது நினைவிருக்கிறதா என்று மருத்துவமனைத் தலைவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். காபி ஆறுவதற்குள் பதில் எழுதிவிட்டேன்: "எண்ணிக்கை சரி என்று நர்ஸ் பதிவு செய்திருக்கிறார்." அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை.

நர்ஸைத் தியேட்டரிலிருந்து எடுத்துத் துணி துவைக்கும் பகுதியில் போட்டார்கள். அடுத்த ஆண்டு நான் போனபோது, துவைத்த மாப்களைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "குட் மார்னிங், டாக்டர்" என்றாள். அதோடு நான் அங்கே போவதை நிறுத்தினேன். சபையில் முழங்கால் வலி என்று சொன்னேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் அதை நம்பியபடியே இறந்துபோனாள். மூட்டுக்குத் தேய்க்க அவள் வாங்கி வைத்த தைலம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இப்போது வீட்டில் நான் மட்டும். மகன் கேளம்பாக்கத்தில் இருக்கிறான். சாப்பிட்டீர்களா என்று போனில் கேட்பான், சாப்பிட்டேன் என்பேன், அவ்வளவுதான். ஒரு அறையில் டிவியை ஓடவிட்டு இன்னொரு அறையில் உட்கார்ந்திருப்பேன். பேச்சுக்குரல் கேட்டால் போதும் என்று இருந்தது.

சென்ற ஆண்டு மிஷன் ஞாயிறன்று, பழையவர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஆயர் எழுந்து, "ஜெபிப்போம்" என்றார். வாசலில் சபையார் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா ஒரு தாழ்மை, அங்கிள்! இந்தக் காலத்துல யார் இப்படி ஒத்துக்கறாங்க?"

"அந்தம்மா பொழைச்சிட்டாங்க இல்ல சார்? அப்புறம் ஏன் மனசப் போட்டு வருத்திக்கிறீங்க?"

நர்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வழக்கத்தைவிட அதிக மரியாதையோடு அன்று வீடு திரும்பினேன். அவமானமாக இருந்தது.

மறுநாள் தோழன் போன் செய்தான்.

"சபையில பாவ அறிக்கை பண்ணியாமே?"

"சொல்லிட்டேன்டா."

"யார்கிட்ட? அவ என்ன நம்ம சபையில பாய் விரிச்சு உக்காந்திருக்காளா?"

எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

"ஒண்ணு குறையுதுன்னு அவ சொன்னது எனக்கும் கேட்டுதுடா. நான் மானிட்டரையே பாத்துட்டிருந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல? பெரிசா கேக்க வந்துட்டான். ஆட்டோ புடிச்சு வா. என் கை நடுங்குது, நீயே எழுது. கையெழுத்து நான் போடறேன்."

அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு முறை எண்ணிவிட்டு, குறைகிறது என்று அவள் சொன்னாள். நான் வற்புறுத்தியதால்தான் சரி என்று எழுதினாள். விசாரணையில் இதை மறைத்தேன். கீழே சாட்சியாக அவன் கையெழுத்து, கோணலாக.

பிரதி ஒன்றை ஆயரிடமும் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்தார். "அதான் வாயால சொல்லிட்டீங்களே, ஐயா. எழுத்துல எதுக்கு? நாளைக்கு ஊழியத்துக்கே கெட்ட பேரு." இந்த ஆண்டு மிஷன் ஞாயிறன்று வேறொருவர் பேசினார். நான் பின்வரிசையில் இருந்தேன். கை குலுக்க யாரும் அவசரப்படவில்லை.

மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. அவள் எப்போதோ வேலையை விட்டுவிட்டாளாம். கோப்பைத் திருத்திவிட்டோம், கடிதத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். தியேட்டர் வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்பது பற்றி ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அதில் இல்லை. வேறொரு மருத்துவமனையில் தியேட்டர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அதற்குக் கடிதத்தின் அசல் வேண்டுமாம். "எனக்கு வந்த பிரதியில் கையெழுத்து யாருடையது என்றே தெரியவில்லை, படிக்கும்படி போட்டு அனுப்புங்கள், டாக்டர்" என்று எழுதியிருந்தாள்.

உண்மைதான். வாழ்நாள் முழுவதும் ஒரு கிறுக்கல்தான் போட்டு வந்திருக்கிறேன். கடிதத்தை மறுபடி எழுதினேன், தோழனிடம் மறுபடி கையெழுத்து வாங்கினேன், என் முழுப் பெயரையும் பிள்ளைகள் எழுதுவதுபோல் எழுத்தெழுத்தாக எழுதினேன். தாம்பரம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது. வேலை கிடைத்ததா என்று அவள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.