பட்டைச் சாயத்தில் வெந்த கொசுவலைகள்

பாம்பனிலிருந்து வந்திருந்த மாதா கோயில் உபதேசியார் இராமநாதபுரம் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு, "பிரகாசியம்மா போயிருச்சு சார். அடக்கம் பண்ணி எட்டு நாளாச்சு" என்றார். எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. சொல்லியனுப்பும்படி நான் நடந்துகொண்டதும் இல்லை. மலேரியா இலாகாவில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அந்த அம்மாளை மறந்திருக்கலாம். பாம்பனை அடுத்த குப்பத்தில் மீன்வலைகள் உப்புநீரில் மக்காமலிருக்க வேலம்பட்டைச் சாயம் காய்ச்சிய விதவை அவர்.

அந்தக் குப்பத்துக்கு நான் சுகாதார ஆய்வாளர். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்க வேண்டும் என்பது உத்தரவு. அங்கே சுவர் ஏது? ஓலைத் தட்டிதான். சனங்கள் படுப்பதோ மணலில். கொசுவலைகளை மருந்தில் நனைத்துக் கொடுக்கலாம் என்று எழுதினேன். ஜீப்பை விட்டு இறங்கியே அறியாத மேலதிகாரி, பட்டாளத்தில் கழித்த பழைய வலைகள் முப்பதைக் கொடுத்து, "செய்து காட்டும், பார்ப்போம்" என்றார்.

மருந்தில் நனைப்பதை எப்படி விளக்குவது என்று யோசித்து, "உங்கள் மீன்வலைக்குச் சாயம் ஏற்றுவது மாதிரிதான்" என்றேன். எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. எனக்கு அதில் பெருமை.

"ஏலே, மீன நாம வலையில போட்டோம். இவரு நம்மளப் போடுறாரு!" என்று ஒருவர் சிரித்தார்.

"ஒன்னயப் பிடிச்சு எந்தச் சந்தையிலடா விக்க? பேசாமப் படு உள்ள" என்றார் பிரகாசியம்மாள். முதல் வலையைத் தம் மகள் அமலிக்கு வாங்கிக்கொண்டார். அமலியின் தலைப்பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்தது. முந்தின வருஷம் அங்கே குளிர்காய்ச்சலில் இரண்டு கர்ப்பிணிகள் இறந்திருந்தார்கள்.

ஒரு மாதம் வலைகளைச் சுற்றிக் கொசுக்கள் செத்துக் கிடந்தன. பிறகு காய்ச்சல் திரும்பியது. அமலிக்கும் வந்தது. எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்தது. நான் போனபோது எல்லா வலைகளும் செம்பழுப்பாகத் தொங்கின. சாயம் வெளுத்த மீன்வலையை மறுபடி கொப்பரையில் போட்டு அவிப்பார்கள். இவற்றையும் அழுக்கேறி வெளிறியதும் அப்படியே அவித்திருந்தார்கள். மருந்து கொதிநீரோடு போய்விட்டது.

பேரப்பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தவரைப் பார்த்து, "அறிவு கெட்ட சனம்!" என்று கத்தினேன்.

"சாயம் மாதிரின்னு நீங்கதானய்யா சொன்னீக? சாயம் கொறஞ்சா நாங்க அவிக்காம என்ன செய்வோம்? அவிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னீகளா?"

நான் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவரே வழியும் கண்டார். "மொதல்ல நான் சாயம் ஏத்திர்றேன். அழுக்குத் தெரியாது, ஒருத்தியும் துவைக்க மாட்டா. அதுக்கு மேல ஒங்க மருந்தப் போடுங்க." மிச்சமிருந்த மருந்தில் நான்கு வலைகளை அப்படிச் செய்தோம். கொசுக்கள் மறுபடி செத்து விழுந்தன.

அப்போது அதிகாரி வந்து, "யார் கெடுத்தது?" என்று கேட்டார். "நாந்தான்யா அவிச்சேன்" என்றார் பிரகாசியம்மாள். என்னை இழுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. 'மக்களின் அறியாமையால் முயற்சி பலனளிக்கவில்லை' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நான்கு வலைகளைப் பற்றி எழுதவில்லை. எழுதினால், முதல் தவறு எப்படி வந்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கும். வலை கொடுப்பது அதோடு நின்றது. குப்பத்தில் காய்ச்சல் நிற்கவில்லை. பல வருஷம் அந்த அதிகாரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் கையில் இருந்தது என் அறிக்கை.

மாற்றலாகிக் கிளம்பிய அன்று பிரகாசியம்மாளிடம் விடைபெறப் போனேன். கொப்பரையைக் கிளறிக்கொண்டே, "போற ஊர்லயாவது முழுசாச் சொல்லுங்கய்யா" என்றார். எனக்குக் கிடைத்தது அலுவலக மேசை. யாருக்கும் எதையும் விளக்கும் வேலை பிறகு வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். முழுசாகச் சொல்வது இதுவே முதல் தடவை. கேட்க அவர் இல்லை.