ஐந்து நிமிடத்தில் தூங்க வேண்டிய கருவி

பழுது பார்க்கும் தொழிலில் கெட்டுப்போன பொருளைக்கூடச் சமாளித்துவிடலாம். வீட்டில் கெட்டுப்போய், கடைக்கு வந்ததும் ஒழுங்காக ஓடுகிற பொருளைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. "இங்க நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லிவிட்டு, எதிரில் நிற்பவர் முகம் வாடுவதைப் பார்த்தவர் நீங்களும் என்றால், இது உங்களுக்குத்தான்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள். அப்பா அனகாபுத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் வேலை பார்க்கும் இடத்தை எல்லோரிடமும் 'கம்பெனி' என்றுதான் சொல்வார். அது மேற்குத் தாம்பரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கேம் சர்வீஸ் கடை. முதலாளி பாஸ்கர் அண்ணா, நான், ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான் கம்பெனி.

முழித்திருக்கும் கடை

கையில் வைத்து விளையாடும் கேம் கருவியில் முதலில் இருக்கும் மென்பொருளை மாற்றி, நமக்கு வேண்டியபடி வேலை செய்ய வைப்பதை 'மோட்' பண்ணுவது என்போம். அப்படி மோட் செய்த ஒன்றை, வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று கவுண்டரில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறோம். சார்ஜ் மிச்சம் பிடிக்க, ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது தானாகத் தூங்கிவிடும். கறுப்புத் திரையைப் பார்த்து எவன் கடைக்குள் வருவான் என்பது அண்ணாவின் கவலை. செட்டிங்கில் போய்த் தூங்கும் நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று வைத்தால், தொட்டுப் பார்க்கிறவர்களில் யாராவது அதை மாற்றிவிடுகிறார்கள்.

அதனால், கருவி ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் முதலில் படிக்கும் ஃபைலில் நான் ஒரு வரி எழுதினேன். யார் என்ன மாற்றியிருந்தாலும், ஆன் ஆனதும் அது தூங்கும் நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று ஆக்கிவிடும். நாலு வருஷப் படிப்பு முதல் முறையாக எதற்கோ உதவியது போலிருந்தது. அண்ணா ரோட்டில் இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்தார். "இப்பதான்டா நம்ம கட முயிச்சிகினு கீது."

வலது கைக்கு மட்டும்

சுகந்தி மேடம் சேலையூரில் கணக்கு டீச்சர். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை பாதிக்கப்பட்டிருந்தது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகத்தான் வரும். பிசியோதெரபி செய்கிறவர் கார் ஓட்டும் கேம் விளையாடச் சொல்லியிருக்கிறார். இடப்பக்கப் பொத்தான்களின் வேலையையும் வலப்பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று மேடம் கேட்டார். மோட் செய்தால் முடியும். செய்து கொடுத்தேன்.

இன்னொன்றும் கேட்டார். சார் மதியம் விளையாடிக்கொண்டே தூங்கிவிடுகிறார். மேடம் பள்ளியிலிருந்து வர நாலரை மணி ஆகும். அதுவரை கருவி ஓடிக்கொண்டிருந்தால் அடிப்பக்கம் சுடும், சாரின் இடது கைக்கோ சூடே தெரியாது. ஐந்து நிமிடத்தில் தூங்கும்படி வைத்து, இருவரும் காத்திருந்து, திரை இருண்டதைப் பார்த்தோம். பிறகு கருவியை முழுவதும் அணைத்து, துணியால் துடைத்து, கவரில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினேன். அது எங்கள் கடை மரியாதை. மேடம் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து வைத்திருந்தார். "அஞ்சு நிமிஷம் மூணு செகண்ட் ஆச்சு தம்பி. மூணு செகண்ட் போனாப் போகுது."

நான் கேட்ட கேள்வி

பத்து நாளில் திரும்பி வந்தார். தூங்கவில்லையாம். பார்த்தால், செட்டிங்கில் 'ஒருபோதும் இல்லை' என்றிருந்தது. மறுபடி ஐந்து நிமிடம் வைத்து, சோதித்து, அணைத்து, துடைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமும் அதே கதை. மென்பொருள் முழுவதையும் புதிதாக ஏற்றினேன். மூன்றாவது முறையும் வந்து நின்றார்.

தப்பு கருவியில் இல்லை, என்னிடமும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் நாம் எல்லோரும் அடுத்து ஒரு கேள்வி கேட்போம் இல்லையா? நானும் கேட்டேன். வீட்டில் யாராவது மாற்றுகிறார்களா, மேடம்? அவர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "வீட்டுல அவரத் தவிர வேற யாருமில்லையே."

தெளிவாக வந்த சொற்கள்

நாலாவது முறை வந்தபோது மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாரிடம் கேட்டாராம். அவர் தலையை ஆட்டி மறுத்தாராம். விளையாட்டு நடுவில் நின்றுவிடுகிறது என்று அவர்தான் மாற்றுகிறார் என மேடத்துக்குத் தோன்றியிருக்கிறது. கோபத்தில் கருவியைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டார். இரண்டு நாள் சார் கைப்பயிற்சியும் செய்யவில்லை, முகம் கொடுத்தும் பேசவில்லை. திரும்ப எடுத்துக் கொடுத்த அன்றே இடது உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்துபோயிருக்கிறது.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கருவியை வாங்கி வைத்துக்கொண்டேன். ரோட்டில் இறங்கும்போது மேடம் திரும்பிச் சொன்னார்: "'நான் இல்ல'ன்னு மட்டும்தான் சொல்றார். மத்ததெல்லாம் குழறுது தம்பி, அது மட்டும் நல்லாத் தெளிவா வருது."

துடைக்கும்போது

அன்று மத்தியானம் ஐந்து நிமிடம் வைத்தேன், தூங்கியது. அணைத்தேன். துடைக்கும்போது கட்டைவிரல் பட்டுக் கருவி மறுபடி ஆன் ஆகிவிட்டது. செட்டிங்கைப் பார்த்தேன். ஒருபோதும் இல்லை.

இத்தனை முறை சோதித்தவன், ஒரு முறைகூட அணைத்து, மறுபடி ஆன் செய்து பார்க்கவில்லை. துடைத்துக் கொடுக்கிற மரியாதையோடு என் வேலை முடிந்துவிடும். மென்பொருள் இருக்கும் மெமரி கார்டைத் திறந்தேன். கவுண்டரில் கிடக்கும் பீஸுக்காக நான் எழுதிய அந்த வரி அப்படியே இருந்தது. கவுண்டர் பீஸின் கார்டையே நகல் எடுத்துத்தான் எல்லோருடைய கருவியிலும் போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக ஏற்றியபோதும் அதே நகல். நோட்டைப் பார்த்தேன், மேடத்தோடு சேர்த்துப் பதினாலு பேர்.

வேலை போய்விடும் என்று நினைத்தபடிதான் அண்ணாவிடம் சொன்னேன். எல்லோருக்கும் போன் செய்து சரிபண்ணித் தருவதாகவும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். "கேக்கறவனுக்கு சரி பண்ணிக் குடு. கேக்காதவனுக்கு நீயே போன் போட்டு இன்னாத்துக்குடா பேஜார் பண்ணிக்கிற?"

சிறப்பு வசதி

ஆனாலும் அவர் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் 'என் தப்பு' என்ற இடத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தேன். சிலர் திட்டினார்கள், சிலருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. பள்ளிக்கரணையில் ஒரு ஐடி கம்பெனிக்காரர் மட்டும் பதறிவிட்டார். "ஐயோ, அத எடுத்துடாதீங்க ப்ரோ. அணையாத மாதிரி ஸ்பெஷலா செஞ்சு குடுத்திருக்காங்கன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

சேலையூர் வீடு

மேடத்திடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன். மேடம் காபி போட உள்ளே போனார். சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை எடுத்துவிட்டிருந்த கருவியை அவர் எதிரில் அணைத்து, ஆன் செய்து, செட்டிங்கைக் காட்டினேன். ஐந்து நிமிடம். அந்த வரியை எழுதியது நான், வீட்டில் யாராவது மாற்றுகிறார்களா என்று கேட்டதும் நான் என்று சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். "அவகிட்ட சொல்லு."

மேடம் டம்ளரோடு வந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை குழறியது நான். அந்த வரியை எதற்கு எழுதினேன், அணைத்துவிட்டு ஏன் பார்க்கவில்லை என்று, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. சாரின் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று அவரிடமே குறைபட்டுக்கொண்டார். சார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "சொன்னேன்."

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது மாற்றுகிறார்களா என்று கேட்பதற்கு முன், கடையில் யாராவது மாற்றினார்களா என்று பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அந்த யாராவது நான்தான்.