பல்லி விழாத சொதி

என் பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போய்விட்டது. காலையில் என் கணவரும் நானும் பத்திரிகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வாசித்து முடித்தால், மத்தியானம் வரை கதைக்க ஒன்றும் இருக்காது. எங்கள் தெருவில் இருந்த நன்னடத்தை அதிகாரிப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள் போல. "மாமி, நீங்க சும்மாதானே இருக்கீங்க, எங்களோட வந்து சேருங்களன்" என்று ஒருநாள் கேட்டாள்.

அது ஒரு சின்னத் தொண்டர் குழு. ஏதாவது பிழை செய்து பொலிஸ் வரை போன பிள்ளைகளை, விடயம் பெரிதில்லை என்றால், நீதிமன்றப் படி ஏறவிடாமல், பாதிக்கப்பட்டவரோடு உட்காரவைத்துக் கதைத்துத் தீர்ப்பது வேலை. கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. சம்பளம் கிடையாது. பால் விடாத பிளேன்டி மட்டும் குடிக்கக் கிடைக்கும்.

"அங்க போயும் நீதான் கதைப்பாய். அந்தப் புள்ளைகள் பாவம்" என்றார் அவர்.

நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் விடயம் பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தியுடையது. மெலிந்த பிள்ளை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, கதிரையின் நுனியில் இருந்தாள். அவள் வீட்டுச் சந்தியில் ஒரு தமிழ் அக்கா சின்னக் கடை போட்டு, காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் விற்பார். அவருடைய புருசன் ஒலுவில் துறைமுகத்தில் படகில் வழுக்கி விழுந்து முதுகு உடைந்த பிறகு கடலுக்குப் போவதில்லை. அந்த இடியப்பத்தில்தான் குடும்பம் ஓடியது. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வருகிற ஆட்களெல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள்.

ஒருநாள் இந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போகாமல் கூட்டாளிகளோடு கடற்கரையில் நின்றதை அந்த அக்கா கண்டு, மறுநாள் இடியப்பம் கட்டிக்கொடுக்கும்போது உம்மாவிடம் சொல்லிவிட்டார். வீட்டில் நல்ல ஏச்சு விழுந்தது. போனையும் ஒரு கிழமைக்குப் பறித்துவிட்டார்கள். போன் திரும்பிக் கைக்கு வந்த அன்றே, வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டாள். அந்த அக்காவின் சொதிக்குள் பல்லி கிடந்ததாம், அதைச் சாப்பிட்ட தன் மாமா மகள் மச்சி சத்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். கூட்டாளிகள் நாலைந்து பேருக்குத்தான் அனுப்பினாள். விடியுமுன் அது அடுத்த ஊர்களைத் தாண்டி மாவடிப்பள்ளி வரை போய்விட்டது.

அடுத்த நாள் இடியப்பம் வாங்க யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாடிக்கையாளர் மனம் பொறுக்காமல் அந்தப் பதிவை அக்காவுக்கே போட்டுக் காட்டினார். அக்கா நேரே பொலிஸுக்குப் போனார். அங்கிருந்து எங்கள் அறைக்கு வந்தது.

பிள்ளையும் உம்மாவும் வந்து கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்தார். நான் எதிர்பார்த்தது சண்டையை. ஆனால் அவர் பிள்ளைக்கு முன்னால் போய் இருந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ட சத்தத்தக் கேட்டதும் தெரிஞ்சிட்டு புள்ள. எத்தின பேர் கதைச்சாலும் எனக்குத் தெரியும். 'அக்கா, சம்பல் கூடப் போடுங்க' எண்டு நித்தமும் கேட்ட சத்தம்தானே."

பிள்ளை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அழுதாள். உம்மா அவளை இடித்து, "மன்னிப்புக் கேளு" என்றார். நான் உம்மாவைக் கையால் தடுத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பிள்ளையே வாய் திறந்தாள்.

"எனக்குக் கோவம் அக்கா. நீங்க ஏன் உம்மாக்கிட்டச் சொன்னீங்க?"

"நீ அலையடிக்கிற இடத்தில நிண்டாய். என்ட மனுசன்ட முதுகு அந்தக் கடலாலதான் போனது. எனக்குப் பயம்."

அதற்குப் பிறகு பிள்ளை உண்மையாகவே மன்னிப்புக் கேட்டாள். தான் சொன்னது பொய் என்று இன்னொரு குரல் பதிவும் அந்த இடத்திலேயே செய்து அனுப்பினாள். விடயம் முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போய் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

முடியவில்லை. மன்னிப்புப் பதிவை யாரும் பிறருக்கு அனுப்பவில்லை. அதைக் கேட்ட சிலரும், பொலிஸ் வெருட்டிச் சொல்லவைத்திருக்கும் என்று எழுதினார்கள். அக்காவின் பெட்டியில் இடியப்பம் அப்படியே கிடந்தது. நாங்கள் திரும்பக் கூடினோம். என்ன செய்வதென்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அக்காதான் சொன்னார்:

"அவ வந்து என்ட கடைக்கு முன்னால இருந்து சாப்பிடட்டும். ஆக்கள் காணட்டும்."

பிள்ளையின் வாப்பா கோபத்தோடு எழும்பிவிட்டார். "குமருப் புள்ளைய ரோட்டில இருத்தி மானத்த வாங்கப் போறீங்களா?"

அவர் கேட்டது நியாயம் என்றே எனக்குப் பட்டது. பிழை செய்த பிள்ளையை ஊருக்குக் காட்டி வெட்கப்படுத்தக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். நன்னடத்தை அதிகாரியும் தயங்கினாள். "பிள்ளைக்கு விருப்பமில்லாட்டி இது நடக்கக் கூடாது மாமி" என்று சொல்லிவிட்டாள். நான் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், வேறு வழி பார்ப்போம் என்றேன். அவள் முக்காட்டின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் வருவீங்களா மாமி?"

"ஓம். வாறன்."

"அப்ப நான் போறன்."

அப்படித்தான் நானும் அவளும் காலையில் அந்தச் சந்தியில் கடைக்கு முன்னால் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிடத் தொடங்கினோம். பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் சொதி படாமல் இருக்க அவள் மடியில் ஒரு துவாயை விரித்துக்கொள்வாள். முதல் நாள் அவள் இடியப்பத்தைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருந்தாள். போகிற வருகிற பெண்கள் பார்த்துப் பார்த்துப் போனார்கள். அவர்களில் மூத்த ஒரு ராத்தா மட்டும் நின்று, "நீதானே பல்லி எண்டு சொன்ன புள்ள?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா. நான் சொன்னது பொய்."

"அப்ப மச்சி?"

"மச்சி நல்லா இருக்கா. அவ இந்தச் சொதியச் சாப்பிடவே இல்ல."

ராத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, இடியப்பம் வாங்காமலே போனார். பிள்ளையின் கண் கலங்கியது. அக்கா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தார்.

அந்தக் கிழமையே ஒரு மனிசன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கூடாத வார்த்தை சொன்னார். இந்த வயதில் இவ்வளவு நாக்கா, இவளை யார் கட்டுவான் என்று ரோடு முழுக்கக் கேட்கக் கத்தினார். நான் எழும்ப முதல் அக்கா அகப்பையோடு வெளியே வந்துவிட்டார்.

"அவ எனக்குச் செஞ்சத எனக்கிட்டச் சொல்லி முடிச்சிட்டா. நீங்க ஆர் கேக்க? கதைக்கிறதெண்டா என்னோட கதைங்க. என்ட புள்ளையோட கதைக்காதீங்க."

மனிசன் மோட்டார்சைக்கிளை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா உள்ளே போய் மா பிழியத் தொடங்கினார். "என்ட புள்ள" என்று சொன்னதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை. பிள்ளை கவனித்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் வரை நின்று, வந்தவர்களுக்குப் பார்சல் கட்டிக்கொடுத்தாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யக் கேட்கவில்லை.

ஆட்கள் மெல்ல மெல்லத்தான் வந்தார்கள். அந்த ராத்தா ஒருநாள் வந்து, எங்கள் பக்கத்தில் இருந்து, வாசம் பார்த்து, பிறகு சாப்பிட்டார். பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் திரும்பினார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். கடைக்கு எதிர்வீட்டுக் குடும்பம் இன்றுவரை வாங்குவதில்லை. அதைப் பற்றிக் கதைக்கும்போது அக்கா தோளைக் குலுக்குவார். பிள்ளைக்குத்தான் அது இன்னும் ஆறவில்லை.

எனக்கு நடந்தது வேறு. தினமும் இடியப்பம் சாப்பிட்டு உடுப்பெல்லாம் இறுகிவிட்டது. "தொண்டு செய்யப் போன பொம்புளயப் பாரு" என்று என் கணவர் சிரித்தார். பிறகு அவரும் வரத் தொடங்கினார். வாங்கில் இருந்து பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். அக்கா மா பிழிந்துகொண்டே வேளாண்மைச் செய்தியென்றால் கேட்பார், அரசியலென்றால், "அத விடுங்க நானா" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோலச் சொல்வார்.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். எங்கள் அறைக்கும் வருகிறாள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, அவர்கள் கதைக்கத் தயாராகும் வரை பக்கத்தில் சும்மா இருப்பாள். நான் இடையில் புகுந்து கதைத்தால் என் காலை மிதிப்பாள்.

போன மாதம் அவளுடைய கூடப்பிறந்த ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது. காலைச் சாப்பாட்டை யாரிடம் கொடுப்பதென்று வீட்டில் பெரிய கதை. உம்மாவின் தங்கை சாச்சி ஒருத்தி, இடியப்பம் வீட்டிலேயே பிழிவோம், வெளியில் எடுத்தால் ஆட்கள் கதைப்பார்கள் என்றாராம். வாப்பா அதைக் கேட்டுவிட்டு எழும்பினார். சாரத்தை மாற்றிக்கொண்டு ஓட்டோவில் போய், அக்காவையும் அவருடைய இடியப்பத் தட்டுகளையும் முதுகு வலிக்கிற அந்தப் புருசனையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் போனபோது அக்கா குசினி அடுப்புக்கு முன்னால் வியர்க்க வியர்க்க நின்றார். புருசன் பந்தலுக்குள் வாப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் முதுகுக்குத் தலையணை வைத்து இருந்தார். சாச்சி இரண்டாம் தரம் சொதி கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். பிள்ளை கலியாண வீட்டுப் புது உடுப்போடு குசினி வாசலில் நின்று, சொதியில் உப்புக் குறைவென்று அக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.