பாலிஷ் போட்ட துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி பளபளவென்று இருந்தது. கல்யாண மண்டபத்தில் புதிதாக வாங்கி அடுக்கிய சாம்பார் வாளி போல. மத்திகிரியில் அக்கா குடியிருந்த ஒற்றை அறை வாடகை வீட்டில், தரையில் விரித்த பழைய லுங்கியின் மேல் கிடந்தது. ஜன்னல் வழியாக வந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அதில் பட்டு எதிர்ச்சுவரில் ஆடியது. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் கருநீலமாக, எண்ணெய் தேய்த்த எருமை முதுகு போல இருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற அக்காவின் சித்தப்பா மகனுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"எப்டி மேடம்? ஷோரூம் பீஸ் மாதிரி இல்ல?"

நான் குனிந்து குழாயின் பக்கவாட்டைப் பார்த்தேன். பிறகு விசைக்கு மேலே உள்ள இரும்பை. விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. துப்பாக்கியின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் என் மூக்கின் நிழல்தான் தெரிந்தது.

அக்கா என்று நான் சொல்வது, ஓசூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தவரை. கார்களுக்கான ஒயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனி. நான் இன்ஜினியரிங் முடித்த சூட்டோடு தரப் பிரிவில் சேர்ந்திருந்தேன். அக்கா அங்கே ஒன்பது வருடமாக காண்ட்ராக்ட். லைனில் என்னை 'மேடம்' என்பார், கேட்டைத் தாண்டினால் 'ஏ புள்ள'. கல்லூரியில் ஏர் ரைஃபிள் சுட்டு மாநிலப் போட்டி வரை போனவள் நான். தோற்றுத்தான் வந்தேன், ஆனால் கேன்டீனில் யார் எதிரே உட்கார்ந்தாலும் அதைப் பற்றிப் பேசாமல் சோற்றில் கை வைத்ததில்லை. அதனால்தான் அக்கா ஒருநாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எங்கப்பா துப்பாக்கி ஒண்ணு கெடக்குது. விக்கணும். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார்.

அக்காவின் அப்பா நாட்றாம்பாளையம் பக்கம் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டவர். காட்டுப்பன்றிக்குப் பயந்து, பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறைப்படி உரிமம் வாங்கிய துப்பாக்கி அது. நாற்பது வருடத்தில் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறார் என்று அக்கா சொல்வார். அவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒரே மகள் என்பதால் நிலத்தோடு துப்பாக்கியும் அக்காவுக்கு வந்தது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பர்மனென்ட் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்காவின் பெயரும் அதில் இருந்தது. பட்டியலில் உள்ளவர்களுக்கு போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும். இறந்தவர் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த அறிக்கைக்குக் காத்திருப்பது சரியில்லை என்று அக்காவுக்கே தெரிந்திருந்தது.

நான் சரியாகத்தான் சொன்னேன். காரியம் முடிந்த கையோடு ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு கலெக்டர் ஆபீஸில் விற்பதற்கு அனுமதி கேட்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான், உரிமம் உள்ள கடைக்காரருக்கோ உரிமம் உள்ள விவசாயிக்கோ விற்க முடியும். அதோடு வாயை மூடியிருக்கலாம். "கொஞ்சம் கிளீன் பண்ணி வெச்சா நல்ல வெல வரும்க்கா" என்று என் மேதாவித்தனத்தையும் சேர்த்துவிட்டேன். அக்கா அதை அப்படியே சித்தப்பா மகனிடம் போனில் சொல்லியிருக்கிறார். அவன் வேலை செய்வது ஓசூரில் ஒரு பஃபிங் கடையில். குழாய், கைப்பிடி, கதவுக் கொண்டி என்று எதைக் கொடுத்தாலும் கண்ணாடி ஆக்கிக் கொடுக்கும் கடை. வேறு ஊராக இருந்தால் 'கிளீன்' என்றதும் துணியையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்திருப்பான். இவன் துப்பாக்கியைக் கழற்றிக் கோணியில் சுற்றி, அஞ்செட்டியிலிருந்து பஸ் ஏறி, லீவு நாளில் கடையைத் திறந்து, சுற்றுகிற சக்கரத்தில் வைத்துத் தேய்த்துவிட்டான். மூன்று மணி நேரம். பாசத்தோடு.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா அவனைத் துடைப்பத்தால் அடிக்கப் போனார். "சும்னிரு அக்கா, சும்னிரு" என்று முதலாளியிடம் கற்ற கன்னடத்தில் கும்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினான். சிரித்திருக்கலாம். நம்பர் அழிந்த துப்பாக்கி கையில் இருப்பதே குற்றம், அதை விற்பது இன்னும் பெரிய குற்றம் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். அவர் என் போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரித்தார்.

"நம்பர் எங்க பாப்பா?"

சொன்னோம்.

"ஓசூர்ல இருந்துகினு இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போடுவாங்களா? ஒரு லேத்துல நம்பர் பஞ்ச் கெடைக்காதா? லைசென்ஸ் புக்குல என்ன நம்பர் இருக்குதோ அதையே அடிச்சிட்டு வாங்க. அதே துப்பாக்கி, அதே நம்பர். இதுல எங்க பொய் இருக்குது?"

நான் போனைத் திரும்ப வாங்குவதற்குள் அடுத்த வழியையும் சொன்னார். "அதுவும் வேணாம்னா அப்படியே குடுத்துட்டுப் போங்க. நம்பர் இல்லாத சாமானுக்கு மலைப்பக்கம் ஆளு இருக்குது. இன்னும் சொன்னா, அதுக்குத்தான் வெல ஜாஸ்தி."

இதை அவர் சொன்ன தொனியை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்பது போலச் சொன்னார். நம்பர் இல்லாத துப்பாக்கியை அதிக விலை கொடுத்து வாங்குகிறவன் எதற்கு வாங்குவான்? நாளைக்கு ஒரு யானை செத்துக் கிடந்தால், ஒரு ஆள் செத்துக் கிடந்தால், அது எந்தத் துப்பாக்கி என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்தக் கூடுதல் விலை. சுவரில் சாமி படம், படத்துக்கு மல்லிகைப்பூ, மேஜையில் அரசாங்கம் கொடுத்த உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள். நான் கத்தியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

ஆனால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய முதல் யோசனை என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. அதே நம்பர்தானே. உண்மையான நம்பர்தானே. செவ்வாய்க்கிழமை எங்கள் டூல்ரூமிலிருந்து, இரும்பில் எண்களை அடித்துப் பதிக்கும் நம்பர் பஞ்ச் பெட்டியைக் கையெழுத்துப் போடாமல் என் பையில் போட்டுக்கொண்டு மத்திகிரிக்குப் போனேன். சட்டம் பேசியவள்தான். கடைக்காரரைப் பார்த்துக் கொதித்தவள்தான். அக்கா பெட்டியைத் திறந்து, வெல்வெட் துணியில் வரிசையாக இருந்த எஃகுத் துண்டுகளைப் பார்த்தார்.

"கேட்ல செக்யூரிட்டி பைய பாக்கலையா?"

"ஸ்டாஃப் பைய பாக்க மாட்டாங்கக்கா."

"எங்க பைய மட்டும் டிஃபன் பாக்ஸ் வரைக்கும் தொறந்து பாப்பாங்க" என்றார். பிறகு பெட்டியை மூடினார். "ஏ புள்ள, லைன்ல ஒரு கட்டுக்கு லேபிள் விழுந்துட்டா என்ன பண்றோம்? பீஸ் நல்லாத்தான் இருக்கும். எந்த லேபிள்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். எடுத்து ஒட்டுறமா?"

ஒட்டுவதில்லை. சிவப்பு டப்பாவுக்குப் போகும். முதலிலிருந்து சோதித்து, எழுதி, மேலே கையெழுத்து வாங்கின பிறகுதான் புது லேபிள். விழுந்த லேபிளை ஒட்டிய ஒரு டிரெய்னியை அதே மாதத்தில் நானே எழுதிக் கொடுத்து எச்சரிக்கை வாங்க வைத்திருந்தேன். அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் காது சூடாகியது. பெட்டியை மறுநாள் காலை முதல் வேலையாகத் திருப்பி வைத்தேன்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் அனுப்பிய காவலரோடு துப்பாக்கியை ஒப்படைத்தோம். எழுதுகிற ஏட்டையா நல்ல மனுஷர். முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, பழைய துப்பாக்கி, நாளாவட்டத்துல நம்பர் தேஞ்சிருச்சுன்னு எழுதிட்டா முடிஞ்சுது. எதுக்கு விசாரணை, அலைச்சல்?"

"தானா தேயலீங்க சார். மெஷின்ல வெச்சுத் தேச்சாங்க. நான்தான் சுத்தம் பண்ணச் சொன்னேன்" என்றார் அக்கா.

என் பேரை அவர் எடுக்கவில்லை. நானே எடுத்துச் சொன்னேன்.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. சித்தப்பா மகனை மூன்று தடவை கூப்பிட்டார்கள், ஊரில் அவன் வீட்டார் அக்காவோடு பேச்சை நிறுத்தினார்கள். துப்பாக்கி மாவட்ட ஆயுதப்படைக்குப் போனது. அங்கே ஒருவர் குழாய்க்கு அடியில் பிடித்திருக்கும் கட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். உள்ளே, பஃபிங் சக்கரம் எட்டாத இடத்தில், அதே நம்பர் இருந்தது. உரிமப் புத்தகத்தோடு ஒத்துப்போனது. கேட்டபோது வெட்கமாக இருந்தது. இத்தனை துப்பாக்கி வீடியோ பார்த்திருக்கிறேன், இத்தனை பேசியிருக்கிறேன், ஒரு கட்டையைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. அதோடு இன்னொன்றும் உறைத்தது. அன்றைக்கு நான் பஞ்ச் அடித்திருந்தால், எழுத்தின் வடிவம் வேறாக இருந்து, அக்காதான் மோசடிக்காரி ஆகியிருப்பார்.

கெட்ட நோக்கம் எதுவும் இல்லை என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். விற்க அனுமதி வந்தது. கெலவரப்பள்ளிப் பக்கம் உரிமம் வைத்திருந்த ஒரு விவசாயி வாங்க வந்தார். அக்கா அவரிடம் பாலிஷ் கதையைச் சொன்னார். இடது விசை சில சமயம் இழுத்தால் உடனே வெடிக்காது என்று அப்பா சொன்னதையும், குழாய் தேய்ந்திருப்பதால் யாரிடமாவது காட்டாமல் சுட வேண்டாம் என்பதையும் சொன்னார். "விக்கிறவங்க இப்படியாம்மா பேசுவாங்க?" என்று அவர் சிரித்தார். பேசியதில் பாதி விலைக்குத்தான் முடிந்தது. அதில் எனக்கு ஆதங்கம் இல்லை. அது நியாயமான விலை.

என் கோபம் வேறு. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே பர்மனென்ட் பட்டியல் வெளியானது. அக்காவின் பெயருக்கு நேராக 'போலீஸ் அறிக்கை நிலுவை' என்று எழுதிப் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பேட்ச் வரவே இல்லை, இப்போது டிரெய்னிகளாகவே எடுக்கிறார்கள். விசாரணை முடிந்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பட்டியல் மூடியாகிவிட்டது என்கிறார்கள். ஒரு பட்டியலை மூட முடிகிறவர்களுக்குத் திறக்க முடியாதாம். அந்தக் கடைக்காரர் கடையை இன்னும் நடத்துகிறார். அவரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த புகாருக்கு ஒரு வரிப் பதில்கூட வரவில்லை.

இதையெல்லாம் விட என்னை எரிய வைப்பது கேன்டீன் பேச்சு. நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன், இங்கேயும் அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது. வேடிக்கைக் கதையாக. "ஒரே ஒரு தட்டு, பஞ்ச்சுல. தட்டியிருந்தா இன்னேரம் பர்மனென்ட். அந்தம்மா பொழைக்கத் தெரியாதவங்க" என்று சிரிக்கிறார்கள். அதே ஆட்கள், தாங்கள் வாங்கின பைக்கில் எவனாவது மீட்டரைத் திருப்பி வைத்து விற்றிருந்தால் ஊரையே கூட்டுவார்கள். பொய் சொன்னவர்களைப் பற்றிக் கதையில் யாருக்கும் சிரிப்பு இல்லை, உண்மை சொன்னவரைப் பற்றித்தான் சிரிப்பு. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறேன், சில நாள் எழுந்து போகாமல் சண்டையும் போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் துறைக்கு மனு எழுத அக்கா வீட்டுக்குப் போனேன். பதினோராவது வருடமாக அதே காண்ட்ராக்ட், அதே செக்கிங். லேப்டாப்பில் அடித்து, கடைசி வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன்: "விசாரணை முடிந்துவிட்டபடியால், தயவுகூர்ந்து என் பெயரை நிரந்தரப் பட்டியலில் சேர்க்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியை வைத்தார்.

"தயவு எதுக்கு? நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? அத எடு."

எடுத்தேன்.

"தாழ்மையும்."

அதையும், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதையும் எடுத்தேன். வாக்கியம் சின்னதாகிவிட்டது. திரும்ப வாசித்தேன்: "விசாரணை முடிந்துவிட்டது. என் பெயரை நிரந்தரப் பட்டியலில் சேர்க்க வேண்டும்."

"ஆங். இப்ப பிரிண்ட் எடு" என்றார் அக்கா, கையெழுத்துப் போடுவதற்காகக் கையைக் கழுவ எழுந்தார்.